சில்க் போர்டில் ஏறுகிறது, மேம்பாலத்தில் இறங்குகிறது

கேள்வி: வீடு பெங்களூர் அல்சூரில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், சொந்த ஊர் வேலூர் பக்கம். 2009 மாடல் மெர்சிடிஸ் சி200 கொம்ப்ரஸர் (அதாவது சூப்பர்சார்ஜர் வைத்த) பெட்ரோல் கார், ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஓட்ட அருமையாக இருக்கிறது. ஆனால் ஏப்ரல் பிறந்ததிலிருந்து சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது கூலன்ட் சூடு 110 டிகிரி வரை ஏறுகிறது. மேம்பாலம் ஏறி ஓட ஆரம்பித்தால் 90-க்கு வந்துவிடுகிறது. சிக்னல் விட்டதும் வண்டி மந்தமாக இருக்கிறது, மிதித்தாலும் இழுவை இல்லை. ‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம், நம்ம ஊருக்கு அது எதற்கு’ என்கிறார் மெக்கானிக். பெரிய இன்டர்கூலர் போடு என்கிறான் நண்பன். முந்தைய ஓனர் கோன் டைப் ஏர் ஃபில்டர் மாட்டியிருக்கிறார். கூலன்ட் குறையும்போது வீட்டுத் தண்ணீர் ஊற்றுகிறேன். மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டும். சூப்பர்சார்ஜர் இருப்பதால்தான் இந்தச் சூடா?

பதில்: முதல் வேலையாக, கூலன்ட் பாதையைத் திறந்து மூடும் அந்தத் தெர்மோஸ்டாட்டில் கை வைக்க விடாதீர்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர வைக்கும் பெரிய இன்டர்கூலருக்கும் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் வண்டியில் இரண்டு சூடு இருக்கிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்டின் சூடு ஒன்று. எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு இன்னொன்று. மீட்டரில் 110 காட்டுவது முதலாவது. சிக்னல் விட்டதும் இழுவை வராமல் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. இரண்டுக்கும் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு. ஷெட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ‘சூப்பர்சார்ஜர் வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். இதே கார் வளைகுடா நாடுகளிலும் விற்றது, ஓடியது. பெங்களூர் வெயில் அதற்கு ஒரு பெரிய வெயிலே இல்லை.

சூப்பர்சார்ஜர் மேல் இருக்கும் பழியை முதலில் இறக்கிவிடலாம். அது எஞ்சினின் முன்பக்க பெல்ட்டில் சுற்றும் ஒரு காற்றுப் பம்ப். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவியின் வம்சம். அதை மெர்சிடிஸ் 1921 பெர்லின் மோட்டார் கண்காட்சியிலேயே விற்பனைக் கார்களில் பொருத்திக் காட்டிவிட்டது. நூறு வருஷம் பழகிய தொழில்நுட்பம். காலை அழுத்தி மிதித்தால்தான் அது காற்றை அழுத்தும். சிக்னலில் நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் பைபாஸ் வால்வு திறந்திருக்கும், காற்று சும்மா சுற்றி வரும், அழுத்தமே இருக்காது. அழுத்தம் இல்லையென்றால் அதனால் சேரும் சூடும் சொற்பம். ஆக, சில்க் போர்டில் நின்றபடியே ஏறும் 110-க்கு சூப்பர்சார்ஜர் காரணம் இல்லை.

அப்படியென்றால் எது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. உங்கள் 1.8 லிட்டர் எஞ்சின் நின்ற இடத்தில் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்று வைத்தால், அது சுமார் 9 கிலோவாட் சூடு. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோவாட், கூலன்டுக்குப் போகும். மேம்பாலத்தில் 80-இல் போகும்போது லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தாலும் மணிக்கு ஆறரை லிட்டருக்கு மேல் எரிகிறது. அப்போது கூலன்டுக்குப் போவது 20 கிலோவாட் பக்கம். நிற்கும்போது இருப்பதைப் போல ஆறு ஏழு மடங்கு! அவ்வளவு சூட்டையும் உங்கள் ரேடியேட்டர் அசராமல் வெளியேற்றி 90-க்குக் கொண்டுவருகிறது. நிற்கும்போது இருக்கும் கொஞ்சச் சூட்டை மட்டும் அதனால் சமாளிக்க முடியவில்லை.

இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ரேடியேட்டர் அடைத்திருந்தால் மேம்பாலத்தில்தான் சூடு ஏறியிருக்கும். வாட்டர் பம்ப் முழுதாகத் தேய்ந்திருந்தாலும், தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருந்தாலும் அப்படித்தான். உங்களுக்கு ஓடினால் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. காற்று வந்தால் சரியாகிறது, வராவிட்டால் கெடுகிறது. நிற்கும் வண்டிக்குக் காற்று கொடுக்க வேண்டியது ஃபேன். எனவே முதலில் பார்க்க வேண்டியது ஃபேனையும், அது இழுக்கும் காற்று போகிற வழியையும்தான்.

இதில் ஏசிக்கும் பங்கு உண்டு. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல் நிற்கிறது. மதிய வெயிலில் முழு மூச்சில் ஓடும் ஏசி சில கிலோவாட் சூட்டை அந்தக் கண்டென்சர் வழியாக வெளியே தள்ளுகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தன் கூலன்டுக்குக் கொடுக்கும் சூட்டைவிட அது அதிகமாகவே இருக்கலாம். அந்தச் சூடான காற்றுதான் உங்கள் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் ‘குளிர்ந்த’ காற்று. போதாததற்கு பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை குறைவு, அள்ளிக்கொண்டு போகும் சூடும் குறைவு. ‘குளு குளு பெங்களூர்’ என்ற பேச்சை நம்ப முடியாது. 2024 ஏப்ரலில் இங்கேயே 38 டிகிரியைத் தாண்டியது. பஸ்ஸுக்குப் பின்னால் பம்பர் உயரத்தில் இருக்கும் காற்று அதைவிடவும் சூடு.

ஃபேனைச் சோதிப்பது சுலபம், வீட்டு வாசலிலேயே செய்யலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைந்ததே போதும். போனில் கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் எண்ணாகத் தெரியும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைக்காமல் ஏசியை மட்டும் அணைத்துவிட்டு நிறுத்துங்கள். போனில் கூலன்ட் எண் மெல்ல ஏறும். இந்தத் தலைமுறை எஞ்சின்கள் நிற்கும்போது நூறை ஒட்டிப் போவதும், ஃபேன் இரைந்து சுற்றியதும் இறங்குவதும் இயல்பு. நூறைத் தாண்டியும் ஃபேன் சத்தம் மாறாமல் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் 110-க்கு மேல் விடாதீர்கள், அங்கேயே ஏசியைப் போடுங்கள். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றியே ஆக வேண்டும்.

இப்போது நடப்பதைக் கவனியுங்கள். ஏசி போட்டதும் ஃபேன் கிளம்பி, கூலன்ட் எண்ணும் இறங்க ஆரம்பித்தால், மோட்டார் நன்றாக இருக்கிறது, கூலன்ட் சூட்டைப் பார்த்து ஃபேனுக்கு உத்தரவு போகும் பாதையில்தான் கோளாறு: சென்சார், ஒயரிங், கன்ட்ரோல் யூனிட், இவற்றில் ஒன்று. எதற்குமே ஃபேன் அசையாவிட்டால் ஃப்யூஸ், மோட்டார் என்று பாருங்கள். எனக்குச் சந்தேகம் மூன்றாவது வகை மேல். ஃபேன் சுற்றும், ஆனால் சோம்பலாகச் சுற்றும். உங்கள் வண்டியின் ஃபேன் ஒரே வேகத்தில் ஓடுவது இல்லை, தேவைக்கேற்ப வேகம் கூடிக் குறையும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலோ கன்ட்ரோல் யூனிட் நலிந்தாலோ மெதுவாக ஓடும்வரை எல்லாம் சரியாகத் தெரியும், முழு வேகம் மட்டும் வராது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து ‘ஃபேன் ஓடுது சார்’ என்று மூடிவிடுவார். ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட்டில், ஃபேனை முழு வேகத்துக்கு ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்போது ஒரு செய்தித்தாள் பக்கத்தை முன் கிரில்லில் வைத்தால் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வழுக்கி விழுந்தால் காற்று போதவில்லை. இந்தச் சோதனையின்போது கை, துப்பட்டா, கழுத்துப் பட்டை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. அது எந்த நொடியும் கிளம்பும்.

ஃபேன் நன்றாக இருந்தும் காற்று போதாமல் இருக்கலாம். நம் ஊரில் இதற்கு மூன்று காரணங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்று, பூ. ஜனவரியிலிருந்து மே வரை இந்த ஊர் மரங்கள் மாறி மாறிப் பூக்கின்றன, பார்க்கக் கண்கொள்ளாது. அடியில் நிற்கும் கார்களின் கிரில் வழியாக அந்த இதழ்கள் உள்ளே போகின்றன. கண்டென்சரின் முன்பக்கம் சுத்தமாகவே தெரியும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருக்கும் விரலளவு இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த இதழ், பஞ்சு, தூசி, பூச்சிச் சிறகு எல்லாம் சேர்ந்து கம்பளம் மாதிரி படிந்திருக்கும். கீழ்ப்பாதியில் அதிகமாக இருக்கும். அதை முன்னாலிருந்து தண்ணீர் அடித்து எடுக்க முடியாது, இன்னும் உள்ளே அமுங்கும். கண்டென்சரைக் கழற்றாமலே கொஞ்சம் விலக்கி, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து, சாதாரண ஹோஸ் தண்ணீரில் அலச வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடை பிரஷர் கன்னை அங்கே நீட்ட விடாதீர்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் அப்படியே படுத்துவிடும், அதன்பின் காற்று எந்தக் காலத்திலும் போகாது.

இரண்டு, ஓரங்கள். ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் ஷ்ரவுட், ரேடியேட்டர் ஓரத்தில் இருக்கும் ரப்பர், ஸ்பாஞ்ச் பட்டைகள், இவையெல்லாம் அழகுக்கு இல்லை. அவை இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும். இல்லையென்றால் சுலபமான ஓட்டை வழியாக, எஞ்சின் ரூமின் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

மூன்று, அடித்தட்டு. எஞ்சினுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். நம் ரோட்டு ஹம்ப்புகளில் உரசி முதலில் அதன் கிளிப்கள் போகும். அப்புறம் ஆயில் மாற்றும்போது கழற்றிய தட்டைத் திரும்ப மாட்டாமல் ஒரு மூலையில் சாய்த்துவிடுவார்கள். செகண்ட் ஹேண்டில் வரும் ஜெர்மன் கார்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. அது இல்லாவிட்டால், நிற்கும்போது ரேடியேட்டரிலிருந்து வெளியேறிய சூடான காற்று வண்டிக்கு அடியில் முன்னால் வந்து மறுபடி கிரில் வழியாக உள்ளே போகிறது. தார் ரோட்டின் சூடும் அதோடு சேரும். குனிந்து பாருங்கள். இல்லையென்றால் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடில் பழைய தட்டாவது தேடி மாட்டுங்கள். சூட்டைக் குறைக்கிறேன் என்று பானெட்டின் பின் ஓரத்தை வாஷர் வைத்துத் தூக்குகிறார்களே, அது வேண்டாம். நிற்கும்போது கொஞ்சம் ஆவி போகும், உண்மைதான். ஓடும்போது கண்ணாடியின் அடியில் சேரும் காற்றழுத்தம் அந்த இடுக்கு வழியாக உள்ளே புகுந்து ரேடியேட்டர் காற்றையே தடுக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி வேறு. ‘கூலன்ட் குறையும்போது’ என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். குறையக் கூடாது! அது மூடிய அமைப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கை அளவு ஊற்றினால் சரி. அதற்கு மேல் என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். ஹோஸ் முனைகளிலும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்களிலும் காய்ந்த பொருக்கு தெரிகிறதா, காருக்குள் கால்மிதியடியில் ஈரமும் இனிப்பு வாசனையும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கும் ஒழுகல் தெரியாமலே குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சோதனை அவசியம். கூலன்ட் டேங்க் வாயில் நீல நிறத் திரவக் குழாயை வைத்து, வரும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எஞ்சினுக்குள் எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சில நிமிட வேலை. வேலூர் போவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

வீட்டுத் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காவிரித் தண்ணீரிலும் உப்புகள் உண்டு. ரேடியேட்டரின் ஊசி மாதிரிக் குழாய்களில் அது படியும், அலுமினியத்தை அரிக்கும், கூலன்டில் இருக்கும் துரு தடுப்பு மருந்தையும் தின்றுவிடும். முழுக்க வடித்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மேனுவலில் அங்கீகரித்த வகைக் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், ஒரே நிறத்தில் வெவ்வேறு ரசாயனம் விற்கிறார்கள். கூலன்ட் அதிகம் இருந்தால் நல்லது என்று முழுக்க அதையே ஊற்றுவதும் தப்பு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. கூலன்டில் இருக்கும் கிளைகால் என்ற ரசாயனம் கூடக் கூட அந்தத் திறன் குறையும். அதன் வேலை கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும்.

அந்த டேங்க் மூடியையும் மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை. மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. பெங்களூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 1.4 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 120 தாண்டித்தான் கொதிக்கும், பாதிக் கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். மீட்டரில் காட்டும் அதே 110 நல்ல மூடிக்கு ஒன்றுமில்லை, கெட்ட மூடிக்குக் கொதி.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு வால்வு. கூலன்ட் சூடானதும் ரேடியேட்டர் பாதையைத் திறக்கும். பல எஞ்சின்களில் அதே நேரத்தில் ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் பைபாஸ் பாதையை மூடவும் செய்யும். கழற்றிவிட்டால் அந்தப் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிவிடும். டிராஃபிக்கில் சூடு குறைவதற்குப் பதில் கூடலாம். விடிகாலையில் ஹைவேயில் போகும்போதோ எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், ஆயில் இளகாது, தேய்மானம் கூடும். பழையதாகிவிட்டது என்று சந்தேகம் இருந்தால் புதிது போடுங்கள். இல்லாமல் ஓட்டாதீர்கள்.

இனி இரண்டாவது சூடு, காற்றின் சூடு. சூப்பர்சார்ஜர் உண்மையிலேயே சூடு சேர்ப்பது இங்கேதான். காற்றை அழுத்தினால் அது சூடாகும், இயற்பியல் விதி. ரூட்ஸ் வகையில் அழுத்தும் திறன் அறுபது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 டிகிரி காற்றை அரை பார் அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 100 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். அதையே 60 டிகிரி காற்றில் ஆரம்பித்தால் 130-ஐ நெருங்கும். இதைக் குளிர வைத்து எஞ்சினுக்கு அனுப்பத்தான் இன்டர்கூலர். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அதைவிட முக்கியம், உள்ளே பெட்ரோல் தன்னிஷ்டத்துக்கு வெடிக்கப் பார்க்கும், அதாவது நாக்கிங். அதைத் தடுக்க கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. நீங்கள் உணரும் மந்தம் அதுதான். வண்டி கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இதில் உங்கள் வண்டிக்குப் பெரிய கெடுதல் செய்வது அந்தக் கோன் ஃபில்டர். பானெட்டுக்குள் திறந்தபடி உட்கார்ந்து, ரேடியேட்டர் தள்ளிவிட்ட சூடான காற்றையே உறிஞ்சுகிறது. கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டி முன்னால் கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். கோன் போட்டால் சத்தம் கூடும், அதைக் கேட்டு பவர் கூடியதாகத் தோன்றும். சிக்னலில் நிற்கும்போது ஓபிடி ரீடரில் காற்றுச் சூட்டைப் பாருங்கள். வெளியே 35 இருக்கும்போது ரீடர் 60, 65 காட்டினால் என்னை நம்ப வேண்டியதே இல்லை. பழைய பெட்டியையும் முன்பக்கக் குழாயையும் தேடிப்பிடித்து மாட்டுங்கள். நண்பர் சொல்லும் பெரிய இன்டர்கூலருக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்குகூட ஆகாது, பலன் அதிகம்.

இருக்கும் இன்டர்கூலர் முன்பக்கம் கீழே இருக்கிறது. அதன் இடுக்குகளையும் அலசச் சொல்லுங்கள். குழாய்களின் இணைப்பில் எண்ணெய்ப் படலம் நிறைய இருந்தால் துடைக்க வேண்டும். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: டிராஃபிக்கில் இன்டர்கூலர் உலோகமே சூடேறி நிற்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் காய்ந்துகொண்டே இருப்பது மாதிரி, வண்டி கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் அது காற்றைக் குளிர வைக்காது. பெரிய இன்டர்கூலர் போட்டாலும் நிற்கும் வண்டியில் அதுவும் சூடேறும். ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு தடுப்பாகவும் நிற்கும். எனவே சிக்னல் விட்டதும் முதல் சில நூறு மீட்டர் மென்மையாக ஓட்டுங்கள், காற்று ஓடட்டும், இழுவை தானாக வரும்.

பெட்ரோலில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் எந்த ஆக்டேன் (நாக்கிங் வராமல் பெட்ரோல் தாங்கும் அளவு) என்று எழுதியிருக்கும். 95 என்று இருந்தால், இந்த வெயிலுக்கு 95 ஆக்டேன் பெட்ரோலையே தொடர்ந்து இரண்டு டேங்க் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கோடை முடியும்வரை தொடரலாம். எத்தனால் கலப்பைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சூட்டைப் பொறுத்தவரை எத்தனால் எதிரி இல்லை. அதன் ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சும். ஆனால் 2009 வண்டியின் ரப்பர் குழாய்கள் இருபது சதவீத எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ்களை ஒரு தடவை கையால் அழுத்தி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பெல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். பல சூப்பர்சார்ஜர் வண்டிகளில் வாட்டர் பம்பையும் சூப்பர்சார்ஜரையும் சுற்றுவது ஒரே பெல்ட். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கீச்சென்று கேட்கும். இழுவையும் போகும், கூலன்ட் ஓட்டமும் குறையும். சூப்பர்சார்ஜருக்குள் கியருக்கென்று தனி ஆயில் உண்டு. ‘ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்’ என்பார்கள், பதினைந்து வருஷம் தாண்டிய யூனிட்டுக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, டர்போ வண்டியை ஓட்டிவிட்டு வந்ததும் சில நிமிஷம் ஆன் செய்தபடி வைக்கச் சொல்வார்கள், டர்போ எக்ஸாஸ்ட் சூட்டில் சுற்றுவதால். உங்கள் சூப்பர்சார்ஜருக்கும் எக்ஸாஸ்டுக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டுக்கு வரும் கடைசி ஒரு கிலோமீட்டர் நிதானமாக வந்தால் போதும்.

நீண்ட சிக்னலில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி பிரேக்கில் நில்லுங்கள். டிரைவில் நிற்கும்போது கியர் ஆயில் வீணாகச் சூடாகிறது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அந்தச் சூடும் ரேடியேட்டர் தலையில்தான் விழும்.

வேலூர் பயணத்தைப் பற்றி. போகும்போது சிக்கல் இருக்காது, கிருஷ்ணகிரி வரை பெரும்பாலும் இறக்கம். அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வெயில் கொளுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், காற்று கிடைக்கும். சோதனை திரும்பும்போதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் என்று ஏறி வரும்போது ஆட்கள், சாமான், ஏசி எல்லாம் சேர்ந்து சூப்பர்சார்ஜர் உண்மையாகவே உழைக்கும். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பாமல் சாயங்காலம் கிளம்புங்கள். ஏற்றத்தில் லாரியை முந்த முழுக்க மிதித்து, மறுபடி விட்டு, மறுபடி மிதிப்பதைவிட ஒரே சீராக ஏறுங்கள். அங்கே வேகமாக ஓடும்போதே சூடு ஏறினால், அது புதுத் தகவல். நான் மேலே தள்ளி வைத்த ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட், கேஸ்கட் எல்லாம் திரும்பப் பட்டியலுக்கு வரும்.

வழியில் மீட்டர் 115 தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வையுங்கள். வேர்க்கும், பரவாயில்லை, ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர். ஓரம் கட்டுங்கள். ஆவி வராமல், கூலன்ட் இருக்கும்போது, எண் இறங்கினால் எஞ்சினை ஓடவிட்டு ஃபேன் வேலையை முடிக்க விடுங்கள். ஆவி வந்தாலோ, கூலன்ட் குறைவு விளக்கு எரிந்தாலோ, எண் இறங்காவிட்டாலோ உடனே அணையுங்கள். அலுமினிய ஹெட் வளைய அதிக நேரம் ஆகாது. மூடியை ஒரு மணி நேரத்துக்குத் தொட வேண்டாம். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்: இந்த வாரம் பிரஷர் டெஸ்ட், ஹெட் கேஸ்கட் சோதனை. அதில் தப்பினால் கண்டென்சர் இடுக்கு, ஃபேன் முழு வேகம், அடித்தட்டு. அதோடு கூலன்டும் மூடியும். பிறகு பழைய ஃபில்டர் பெட்டி. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் ஏசி போட்டபடி சில்க் போர்டில் நில்லுங்கள். கூலன்ட் எத்தனை, காற்று எத்தனை, ஃபேன் சத்தம் மாறியதும் எத்தனை டிகிரி இறங்கியது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகும் 105-க்கு மேல் போய் இறங்க மறுத்தால் அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள். ரேடியேட்டரையும் பம்பையும் அடுத்துப் பார்க்கலாம்.